ஒத்தக்கோடு சார்

வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் கரும்பலகையைத் துடைக்க மாட்டார். முந்தைய பீரியடில் கணக்கு டீச்சர் எழுதிவிட்டுப் போனது பலகை முழுக்க இருக்கும். டஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்து நிற்பார்.

"யாருக்காவது எழுத வேண்டியது பாக்கி இருக்குதாப்பா?"

ஒரு கை உயர்ந்தால் போதும், டஸ்டரை மேசைமேல் வைத்துவிடுவார். மூலையில் மிச்சமிருக்கும் இடத்தில் பொடி எழுத்தில் தேதி போட்டு வரலாறு நடத்த ஆரம்பிப்பார். முதல் உலகப் போர் எங்களுக்கு ஒரு இருபடிச் சமன்பாட்டுக்கும் பலகையின் விளிம்புக்கும் நடுவே நாலு விரல் இடத்தில்தான் நடந்து முடிந்தது.

அவர் எங்கள் பத்தாம் வகுப்பு ஆசிரியர், தற்காலிக ஆசிரியர். வயது முப்பத்திரண்டு இருக்கலாம். சட்டைப்பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. கையில் எப்போதும் ஒரு மரஸ்கேல். அதால் யாரையும் அடித்ததில்லை. கோடு போடுவதற்கு மட்டும்தான். அவரிடம் படித்தது பத்து மாதம். ஆனால் அவரை நான் முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். மோகனா என்ற பெண்ணின் பெயர் எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்குமா, போகுமா என்ற விஷயத்தில்.

ஜூன் மாதம் முதல் நாளே ஒரு மஞ்சள் சார்ட்டில் வரலாற்று வகுப்புக்கான விதிகளை எழுதிப் பின்சுவரில் மாட்டினார். முன்சுவரில் மாட்டவில்லை. "இது நீங்க பாக்கறதுக்கு இல்ல, நான் பாக்கறதுக்கு" என்றார். மொத்தம் ஒன்பது விதிகள். எழுதிக் கொடுத்தவன் வகுப்பு லீடரான நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். முசரவாக்கத்தில் எங்கள் தெருவுக்கே மனு எழுதுகிறவன் நான்தான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் எழுதினால் அப்பா பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வரி கோணாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

முதல் விதி: தப்பை அழிக்கக் கூடாது. ரப்பர், வொயிட்னர், எச்சில் தொட்டுத் தேய்ப்பது எதுவும் கூடாது. தப்பின் நடுவே ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு. அடித்தது என்னவென்று படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். இதனால்தான் அவருக்கு ஒத்தக்கோடு சார் என்று பெயர். அவருக்கும் தெரியும். பேசும்போதும் அப்படித்தான். "புதன்கிழமை டெஸ்ட்டு... இல்ல, அடிச்சிடுங்க, வியாழன்" என்று சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு கோடு இழுப்பார். நாங்களும் கடையில், பஸ்ஸில், வீட்டில் என்று கண்ட இடத்தில் காற்றில் கோடு இழுத்துக்கொண்டு திரிந்தோம்.

இரண்டாவது விதி: எதைச் சொன்னாலும் யார் சொன்னது என்று சொல்ல வேண்டும். அதற்கடியில் சிவப்பில், 'சாரையும் கேட்கலாம்' என்று எழுதச் சொன்னார்.

வழிகாட்டி நோட்ஸைப் பார்த்து எழுதி வைத்திருந்த எல்லோரும் முதல் மாதமே மாட்டிக்கொண்டோம். பின்பெஞ்சு தினேஷ் எழுந்து, "இவரது ஆட்சியில் மக்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்" என்று படித்தான்.

"யார் சொன்னது?"

"புக்குல கீது சார்."

"புக்குக்கு யார் சொன்னது? ராஜா சொன்னாரா, மக்கள் சொன்னாங்களா?"

தினேஷ் நோட்டை மூடிவிட்டு, "ராஜா சொல்லியிருப்பாரு சார். மக்களுக்கு ஏது டைமு?" என்றான்.

சார் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்கள்.

லீவ் லெட்டருக்கும் ஒரு விதி இருந்தது. உண்மையான காரணத்தை எழுத வேண்டும். உண்மை எதுவாக இருந்தாலும் திட்டமாட்டார். கல்யாணத்துக்குப் போனேன், சினிமாவுக்குப் போனேன், சும்மா படுத்திருந்தேன் எல்லாம் செல்லும். பொய் என்றால் மட்டும் விடமாட்டார். எல்லா லெட்டரையும் தேதி போட்டு ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தார். ஒரு நாள் அந்த ஃபைலை விரித்து மூன்று லெட்டரை வரிசையாக வைத்து, "ஏன்டா கார்த்தி, உங்க ஆயா மூணு தபா செத்துக்கீறாங்களே, எந்தத் தபா நிஜம்?" என்று கேட்டார். கார்த்தி தலையைச் சொறிந்துகொண்டு, "அடிச்சிடுங்க சார், நல்லாத்தான் கீது" என்று காற்றில் கோடு இழுத்தான்.

அந்த ஃபைலில் மோகனாவின் லெட்டர்கள்தான் அதிகம். அவள் வீட்டில் ஒரே ஒரு தறி. கோர்வைச் சேலை நெய்கிற தறி. உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறமாக நெய்யும்போது ஓரத்தில் ஊடுநூலை ஓட்டுகிற நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அவள் அம்மாவுக்கு முதுகு நோவு வந்த நாட்களில் அந்த ஆள் மோகனா. 'அம்மாவால் உட்கார முடியவில்லை. இன்று கோர்வைக்கு நான் உட்கார வேண்டும்' என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தனுப்புவாள். சார் அதன் ஓரத்தில் சிவப்பில் 'உண்மை' என்று எழுதி வைப்பார். அவள் வராத நாளின் பாடத்தை யுவராணி எழுதி வைத்திருக்க வேண்டும். யுவராணியின் வருகை எண் முப்பத்திரண்டு, மோகனாவுடையது முப்பத்தொன்று. வராதவருக்கு அடுத்த எண்காரர் நோட்ஸ் எழுத வேண்டும் என்பது ஐந்தாவது விதி.

முதல் விதியை எதிர்த்துப் பேசியவளும் மோகனாதான்.

"சார், எங்க வூட்டுல தப்பு வுழுந்தா கோடு எல்லாம் போட மாட்டாங்க. அதுவரைக்கும் நெய்ஞ்சதைப் பிரிச்சிக்கினே பின்னால வந்துடுவாங்க. அப்படியே வுட்டா சேலைய எடுக்க மாட்டாங்க சார்."

"சேலை கட்டிக்கறதும்மா. நோட்டு அப்படி இல்ல. எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கப்புறம் நடந்தது புரியும்."

"தப்புப் பண்ணது யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே சார்?"

"தெரியட்டுமே" என்றார்.

அந்த 'தெரியட்டுமே' இன்னும் காதில் இருக்கிறது. அத்தனை லேசாகச் சொன்னார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை எங்களைத் திருமுக்கூடலுக்குக் கூட்டிப்போனார். கோயில் சுவர் முழுக்கக் கல்வெட்டு. எங்களுக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அவர் விரலை வைத்து வைத்துப் படித்துக் காட்டினார். அந்தக் காலத்தில் அங்கே ஒரு மருத்துவமனை இருந்திருக்கிறது. அதில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்றுகூடக் கல்லில் இருக்கிறது என்றார். வைத்தியர், மருந்துக்கு வேர் கொண்டுவருகிறவர்கள், தண்ணீர் எடுத்துவருகிறவர் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"வேர் எடுத்துக்கினு வந்தவங்க பேரு இன்னா சார்?" என்றாள் மோகனா.

"பேரு இல்லம்மா. எத்தனை பேருன்னு மட்டும் இருக்குது."

"அதாவது இருக்குதே சார். நாங்கள்லாம் எதுல இருப்போம்?"

"நீ என் ரிஜிஸ்டர்ல இருக்கியேம்மா. முப்பத்தொண்ணு."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

காலாண்டுத் தேர்வில் மோகனா கணக்கிலும் இங்கிலீஷிலும் பெயில். வரலாற்றில் எழுபதுக்கு மேல். விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம் தலைமை ஆசிரியர் மார்க் பட்டியலோடு எங்கள் வகுப்புக்கு வந்தார். சாரை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"எல்லாரும் கரையேறிடுவாங்க சார். இந்தப் பொண்ணு ஒண்ணுதான் இடிக்குது. நூறு சதவீதம் போயிடும்."

"இன்னும் ஆறு மாசம் இருக்குது சார். நான் ஒக்கார வெச்சிச் சொல்லிக் குடுக்கறேன்."

"கணக்கும் இங்கிலீஷும் நீங்களா சொல்லிக் குடுக்கப் போறீங்க? பொதுத்தேர்வுப் பட்டியல் போறதுக்கு முந்தி முடிச்சிடணும். ஒம்பதாவதோட நின்னுட்டதா இருக்கட்டும். பத்தாவதுக்கு வந்து நின்னுச்சுன்னா நாளைக்கு மேல இருந்து வந்து ஏன்னு கேப்பாங்க." மார்க் பட்டியலைச் சுருட்டிக்கொண்டே, "உங்க ஆர்டரும் ஏப்ரல் வரைக்கும்தான்ல?" என்றார். மிரட்டுகிற மாதிரி இல்லை. ஊருக்குப் போய்ச்சேர்ந்தீர்களா என்று விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்.

சார் உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தை நடத்தினார்.

வெள்ளிக்கிழமை மோகனாவின் அப்பா வந்தார். தறியிலிருந்து எழுந்து அப்படியே வந்திருந்தார், சட்டையில் பட்டு நூல் பிசிறு ஒட்டியிருந்தது. ஆபீஸ் ரூமில் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். "ஒரு வருசம் கழிச்சு பிரைவேட்டா எழுதிக்கலாமாம்மா" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே போனார். மோகனா வகுப்புக்கு வந்து பையை எடுத்தாள். யுவராணியிடம் அவளுடைய வரலாறு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். வாசலில் நின்று சாரைப் பார்த்தாள். சார் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மதியத்தோடு ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் என்னை இருக்கச் சொன்னார். ஆசிரியர் அறையில் அவரும் நானும் மட்டும். மேசைமேல் இரண்டு வருகைப் பதிவேடுகள் இருந்தன. ஒன்று ஜூன் முதல் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது, அட்டை மடங்கியது. இன்னொன்று அதே நிறத்தில் புத்தம் புதுசு.

"உன் எழுத்துதான்ப்பா தெளிவா இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுது" என்று தன் நீலப் பேனாவைக் கொடுத்தார்.

எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது என்றும் நினைக்கிறேன். ஆனால் சாருடைய பேனாவில் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் எழுதப்போகிறேன் என்பதுதான் அப்போது பெரிதாக இருந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஒன்று முதல் முப்பது வரை நிதானமாகச் சொன்னார். நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

"முப்பத்தொண்ணு... யுவராணி."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சார், மோகனா?"

"அந்தப் பொண்ணு ஜூன்லயே வரல. ஒம்பதாவதோட நின்னுடுச்சு."

யார் சொன்னது சார் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கச் சொல்லி அவரே சிவப்பு மையில் எழுத வைத்திருந்தார், என் கையால். எனக்கு மறந்துபோகவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கட்டும் என்று காத்திருந்தாரோ, கேட்டுவிடுவேனோ என்று பயந்தாரோ, இன்றுவரை தெரியாது.

"சரி சார்" என்றேன். யுவராணி என்று எழுதினேன்.

பெயர்கள் முடிந்ததும் நாட்கள். ஜூனிலிருந்து ஒவ்வொரு நாளாக, வந்தவர் வராதவர் குறிகளைப் பெயர்த்து எழுதி, அடியில் வந்தவர்களின் எண்ணிக்கையைப் போட வேண்டும். மோகனா வராத நாளில் பழைய எண்ணிக்கையை அப்படியே எழுதலாம். அவள் வந்த நாளில் மட்டும் ஒன்று குறைக்க வேண்டும். அம்மாவின் முதுகு நோவு, கல்யாண மாதத்து அவசரம் எல்லாவற்றையும் தாண்டி அவள் எத்தனை நாள் ஓடி ஓடி வந்திருக்கிறாள் என்று அவளை எடுக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் சொன்னபடியே ஆயிற்று. தப்பு விழுந்த இடம் வரைக்கும் பிரித்துக்கொண்டே பின்னால் போனோம். முப்பத்தெட்டுப் பேர் வகுப்பு முப்பத்தேழு ஆனது.

எழுதி முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. சார் லீவ் லெட்டர் ஃபைலைத் திறந்து மோகனாவின் லெட்டர்களை ஒவ்வொன்றாக உருவினார். ஒவ்வொரு தாளையும் இரண்டாக மடித்து, மடிப்பில் ஸ்கேலை வைத்து நேராகக் கிழித்தார். பிறகு நாலாக. 'உண்மை' என்று அவர் எழுதியிருந்த ஓரங்கள் தனித்தனியாக விழுந்தன. எல்லாவற்றையும் கூட்டி அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையில் பேனாவுக்கு இடம் இல்லை. பேனாவை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

திங்கட்கிழமை வருகை எடுத்தார். அவர் எண்ணைச் சொல்ல நாங்கள் "உள்ளேன் ஐயா" என்போம்.

"முப்பது."

"உள்ளேன் ஐயா."

"முப்பத்தொண்ணு."

யுவராணி தன் முப்பத்திரண்டுக்காகக் காத்திருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. சார் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடியும் "முப்பத்தொண்ணு" என்றார்.

"யுவா, நீதான்" என்று நான் திரும்பிச் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

"நானா?" என்றாள். பிறகு மெதுவாக, "உள்ளேன் ஐயா."

அவளுக்குப் பின்னால் இருந்த ஒவ்வொருத்தியும் தடுமாறித் தடுமாறி ஒரு எண் முன்னால் வந்தாள். கடைசியில் இருந்த வினோதினி முப்பத்தெட்டு வரட்டும் என்று காத்திருந்தாள். சார் பதிவேட்டை மூடிவிட்டார்.

அன்று முதல் அவர் வகுப்புக்குள் வந்ததும் பலகையைத் துடைத்தார். யாரையும் பார்க்காமல், மேலிருந்து கீழாக, சுத்தமாக. யார் சொன்னது என்று கேட்பதையும் விட்டுவிட்டார். மக்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர் என்று நாங்கள் எழுதினால் டிக் போட்டார். பின்சுவரில் சார்ட் மட்டும் அப்படியே இருந்தது. அவர் பார்ப்பதற்காக மாட்டியது. பாடம் நடத்தும்போது அவர் ஜன்னலைப் பார்த்து நடத்தக் கற்றுக்கொண்டார். ஒருமுறை தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டு விரலைத் தூக்கினார். பாதியில் கையை இறக்கிக்கொண்டார். தினேஷ்கூடச் சிரிக்கவில்லை.

நூறு சதவீதம் வந்தது. பள்ளி கேட்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், அதில் என் போட்டோவும் இருந்தது. அப்பா வந்து அதற்குக் கீழே நின்று, வரி கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த ஜூனில் சார் வரவில்லை. ஆர்டரைப் புதுப்பிக்கவில்லை என்றார்கள். ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார் என்று பிறகு ஒருவன் சொன்னான். யார் சொன்னது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

நான் வரலாறே எடுத்துப் படித்தேன். இந்த ஜூனில் வாலாஜாபாத் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். சேர்வதற்குச் சான்றிதழ் நகல் எடுக்கக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"டேய், லீடரு!"

மோகனா. கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் அவளுடைய டி.சி.

"ஜவுளிக் கடையில ஆள் எடுக்கறாங்கபா. பத்தாவது பாஸு, இல்லன்னா பெயிலு. எதுனாலும் சரின்னு போர்டு வெச்சிக்கீறாங்க. எங்கிட்ட ரெண்டுமே இல்ல." சிரித்தாள். "என்னைப் பெயிலாவாவது வுட்டிருக்கலாம்."

நான் என் சான்றிதழ்களை ஃபைலுக்குள் தள்ளினேன்.

"பத்தாவது வந்தேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கன்னு ஸ்கூலுக்குப் போனேன். பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்துப் பாத்தாங்க. பேரே இல்லயாம். நான் வந்தேன்ல? காலாண்டு எழுதுனேன்ல? திருமுக்கூடல் போனோம்ல?"

"வந்தே" என்றேன். "போனோம்."

"அதான். எனக்கே டவுட்டாப் பூட்ச்சு." கவரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "அந்த ஒத்தக்கோடு சார் இருந்தா சொல்லியிருப்பாரு. அவரு எதையும் அழிக்க வுட மாட்டாரு. அவரு எங்க கீறாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவளுடைய பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் காற்றில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டிச் சிரித்தாள்.

சேர்ந்த பள்ளியில் என் வகுப்புக்கான விதிகளை எழுதி மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் சார்ட் வாங்கி வந்து ஒரு வாரமாகிறது. விரித்து வைத்துவிட்டு இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யார் சொன்னது என்று கேட்டால், நான் சொல்கிறேன். ஆதாரம் கேட்டால், அந்தப் பள்ளியில் ஒரு பதிவேடு இருக்கிறது. முழுக்க என் கையெழுத்து. முப்பத்தொன்றாம் எண்ணில் யுவராணி என்று இருக்கும். ஒரு பக்கத்திலும் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. வரிகூடக் கோணவில்லை.